ஊர்ல எந்தப் பக்கம்?

இந்த இதழ்த் தலையங்கத்தில் டிராக்டர் சர்வீஸைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் ஆசிரியர் குழுத் தோழர் ஒருவர் சிரித்துவிட்டார். “விடுதலையைப் பத்தி எழுத ஆயிரம் கெடக்கு, நீங்க ஆயில் சீலைப் பத்தி எழுதுறேங்கிறீங்களே” என்றார். சிரிக்கட்டும். பஞ்சமி நிலத்தைப் பற்றி எழுதியிருக்கிறோம். இரட்டைக் குவளையைப் பற்றி எழுதியிருக்கிறோம். ஆனால் நிலத்தில் இறங்குகிற இரும்பு யார் கையில் இருக்கிறது, அது ரிப்பேரானால் யார் வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கிறது என்று நாம் யோசித்ததில்லை. நானும் யோசித்தவனில்லை. வங்கியில் கிளார்க்காக உட்கார்ந்து டிராக்டர் கடன் கோப்புகளைக் கட்டிக் கட்டி அடுக்கியவன்தான். எங்க சித்தப்பா வண்டி வாங்கின பிறகுதான் கோப்புக்கு வெளியே என்ன நடக்கிறது என்று தெரிந்தது.

சித்தப்பா சவுதியில் பதினோரு வருசம் வண்டி ஓட்டினவர். திரும்பி வந்ததும் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் வாங்கினார். அந்த நிலத்தையும் வீட்டையும் வங்கியில் அடமானம் வைத்து, ஆறு லட்சம் கடன் எடுத்து, கையிலிருந்ததையும் போட்டு டிராக்டர் எடுத்தார். ஒன்றரை ஏக்கருக்கு எதுக்கு டிராக்டர் என்று கேட்கலாம். வாடகைக்கு ஓட்டத்தான். எங்க தாத்தா யார் வயலில் ஏர் பிடித்துக் கூலி நெல்லுக்குக் கை ஏந்தி நின்றாரோ, அதே வயலுக்கு அதே வீட்டுக்காரர்கள் இன்றைக்குப் போன் போட்டு, “நாளைக்கு வர முடியுமா?” என்று சித்தப்பாவைக் கேட்கிறார்கள். மணிக்கு இவ்வளவு என்று இவர் சொல்கிறார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் மூன்று தலைமுறை இருக்கிறது.

ஷோரூமில் வண்டி பார்க்கப் போன அன்றைக்கு “வாங்க அண்ணாச்சி, உக்காருங்க அண்ணாச்சி” என்று டீ வந்தது. நானும் கூடப் போயிருந்தேன். வங்கியின் பணம் டீலர் கணக்குக்குப் போய்ச் சேர்ந்தது. வண்டிக்கு மாலை போட்டுப் படம் எடுத்தார்கள். கார் பருவம் நல்லபடியாக ஓடியது.

பிசானத்துக்குத் தண்ணீர் திறந்து, ஊரே தொழி அடிக்கத் தயாராக நிற்கிற நேரத்தில் வண்டி படுத்துவிட்டது. ரோட்டவேட்டரைத் தூக்கவில்லை. ஆயிலை இறக்கிப் பார்த்தால் பால் ஊத்தின டீ மாதிரி இருக்கிறது. சீல் வழியாகத் தண்ணீர் ஏறியிருக்கிறது. மீட்டரில் அப்போது 270 மணி நேரம்தான். வாரண்டி காலம் முடியவில்லை.

சர்வீஸ் கவுண்டரில் இருந்த பையனுக்கு இருபத்தஞ்சு வயசு இருக்கும்.

“எந்த ஊரு?”

சொன்னார்.

“ஊர்ல எந்தப் பக்கம்?”

தோழர்களே, இந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை. திருநெல்வேலி ஜில்லாவில் பிறந்த எவனுக்கும் தெரியும். இது வழி கேட்கிற கேள்வி இல்லை. சித்தப்பா தெருப் பெயரைச் சொன்னார். அதுவரை “அண்ணாச்சி”யாக இருந்தவர் அதற்குப் பிறகு “இங்க பாருப்பா” ஆனார். “இங்க பாருப்பா, தொழியில ஓட்டித் தண்ணி ஏத்திருக்க. இதுக்கெல்லாம் வாரண்டி கெடையாது. வண்டிய விட்டுட்டுப் போ, பாப்போம்.”

கவனியுங்கள். பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரைக்கும் எட்டு அணைக்கட்டு வைத்து நெல் விளைவிக்கிற ஆற்றங்கரை இது. இங்கே டிராக்டர் விற்கிறவனுக்கு அது தொழியில்தான் இறங்கும் என்று தெரியாதா? விற்கும்போது “தொழிக்கு இதுதான் ராஜா” என்று சொன்ன அதே வாய்தான் இதையும் சொன்னது.

வண்டி பத்தொன்பது நாள் அங்கே நின்றது. முதலில் மெக்கானிக் லீவு. பிறகு ஸ்பேர் இல்லை, டிப்போவிலிருந்து வரணும். பிறகு “மேனேஜர் வெளிய போயிருக்காரு”. எங்களுக்குப் பின்னால் வந்த இரண்டு வண்டி முன்னால் போனது. இதை எங்களிடம் சொன்னது உள்ளே வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்க்கிற மெக்கானிக் பையன். அவன் நம்ம பையன். அங்கே கிரீஸில் கிடக்கிற கைகளில் பாதிக்குமேல் நம்ம கைகள். கவுண்டருக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர்களில் நம்மாள் ஒருத்தர்கூட இல்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தொழி அடிக்கிற நாட்களில் ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் ஓடும். மணிக்கு ஆயிரம் ரூபாய். டீசல் போகக் கையில் நிற்பது பாதிக்குக் கொஞ்சம் மேலே. பத்தொன்பது நாளுக்கு எழுபதாயிரம். சித்தப்பாவின் அரையாண்டுத் தவணை அறுபதாயிரத்துச் சொச்சம். ஒரு தவணை மொத்தமாக அந்த ஷெட்டில் நின்று துருப்பிடித்தது. வாடிக்கைக்காரர்கள் வேறு வண்டிக்குப் போனார்கள். போனவர்கள் எல்லாரும் திரும்பவில்லை. அறுவடை முடிந்து தவணை தவறியது. எங்கள் கிளையிலிருந்து நோட்டீஸ் போனது. கம்ப்யூட்டர் அடித்துத் தள்ளிய நோட்டீஸ்களை மடித்து உறையில் போட்டது நான். அந்தக் கட்டில் சித்தப்பா பெயரும் இருந்தது. அதையும் மடித்துப் போட்டேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், குற்றம் கவுண்டர் பையனோடு முடியவில்லை. டிராக்டர் கடன் கோப்பில் என்னென்ன காகிதம் இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். கொட்டேஷன் இருக்கும். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, ஆர்.சி. புத்தகத்தில் வங்கியின் பெயர், இன்சூரன்ஸ், ஜாமீன்தார் கையெழுத்து எல்லாம் இருக்கும். அடமானம் இல்லாத விவசாயக் கடனின் உச்சவரம்பு 2025 ஜனவரியிலிருந்து 2 லட்சம். டிராக்டர் விலை அதற்கு மேலே போய்விடுவதால் நிலம் இல்லாதவனுக்குக் கோப்பே திறக்காது. இத்தனை காகிதத்திலும் விற்றவன் வண்டியைச் சரிசெய்து தருவான் என்று ஒரு வரி கிடையாது. வங்கி தன் பணத்துக்கு எல்லாப் பக்கமும் வேலி போட்டுக்கொள்கிறது. டீலர் முழுப் பணத்தையும் முதலிலேயே வாங்கிவிடுகிறான். வண்டி படுத்தால் விழுகிற ஒரே ஆள் கடன்காரன். விழுந்தவனிடம் எப்படி வசூலிப்பார்கள் என்பதைத் தமிழ்நாடு 2016 மார்ச்சில் பார்த்தது. தஞ்சை மாவட்டத்தில் ஒரு தனியார் நிதி நிறுவனத்தின் தவணை பாக்கிக்காக, விவசாயி ஒருவரை டிராக்டரிலிருந்து இழுத்துப்போட்டு அடித்தார்கள். அடித்ததில் போலீஸாரும் இருந்தார்கள். அந்த வீடியோவைப் பார்க்காதவர் குறைவு.

“இதுல சாதி எங்க வந்துச்சு? அவன் எல்லாருக்கும்தான் இப்படிப் பண்றான்” என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் பண்ணுகிறான், உண்மை. சர்வீஸ் ஒழுங்காக இல்லை என்று புலம்பாத டிராக்டர்காரரை எந்தச் சாதியிலும் காண முடியாது. ஆனால் ஒரே அடி எல்லார் மேலும் ஒரே மாதிரி விழுவதில்லை. மேலத்தெருக்காரர் வண்டி நின்றால் டீலருக்கு ஒரு போன் போகிறது. போனின் அந்தப் பக்கம் மாமனோ மச்சானோ, கட்சிக்காரரோ, சங்கத்து ஆளோ இருக்கிறார். போன் இல்லாவிட்டாலும் வீட்டில் இன்னொரு வண்டி இருக்கிறது, பத்து ஏக்கர் நெல் இருக்கிறது. நம்மாளுக்கு இருப்பது ஒரே வண்டி, அதுவும் கடனில். 2015-16 விவசாயக் கணக்கெடுப்பின்படி நாட்டின் சாகுபடி நிலப் பரப்பில் பட்டியல் சாதியினர் கையில் இருப்பது நூற்றுக்கு 9-க்கும் கீழே. மக்கள்தொகையிலோ, 2011 கணக்குப்படி, 16.6 சதவீதம். நிலம் இல்லாதவனுக்குப் பின்னால் சாய்ந்துகொள்ளச் சுவர் இல்லை. அந்த இடத்தில் அலட்சியமும் சாதி வேலையைச் செய்துவிடுகிறது. அதற்கு மேல் “ஊர்ல எந்தப் பக்கம்?” என்ற கேள்வி வேறு. ஜாப் கார்டில் இல்லாத கட்டம் அது.

நம் கையில் வந்த இரும்பு இவர்கள் கண்ணை உறுத்துவது புதிதில்லை. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்துக்குள் போலீஸ் படை புகுந்தபோது எதை உடைத்தது என்று பட்டியல் இருக்கிறது. கலர் டிவி, டேப் ரிக்கார்டர், தையல் மிஷின், சைக்கிள், விவசாயக் கருவிகள், டிராக்டர், லாரி. பாஸ்போர்ட்டையும் படித்த பிள்ளைகளின் சான்றிதழ்களையும் போட்டுக் கொளுத்தினார்கள். மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்த விஷயம் இது. வளைகுடாவில் வியர்வை சிந்திச் சேர்த்த பொருள் அவ்வளவும். அன்றைக்குக் கடப்பாறையால் உடைத்தார்கள். இன்றைக்குக் கடப்பாறை வேண்டியதில்லை. ஷெட்டில் பத்தொன்பது நாள் நிறுத்தி வைத்தால் போதும். இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் கொடியங்குளத்து மக்களுக்குச் செய்கிற அவமரியாதை. ஆனால் நம் சம்பாத்தியத்தை எங்கே வைத்து அடித்தால் வலிக்கும் என்ற அறிவு இரண்டிலும் ஒன்றுதான்.

இனி சட்டத்தைப் பார்ப்போம். சட்டம் நம்மை விடுவித்துவிடும் என்ற மயக்கம் எனக்கில்லை. 1999 ஜூலை 23-ஆம் தேதி, மனு கொடுக்கப் போன மாஞ்சோலைத் தொழிலாளர்களோடு போன ஊர்வலத்தில் 17 உயிர்களைத் தாமிரபரணி வாங்கியதைப் பார்த்த ஊர் இது. ஆனாலும் சட்டத்தைக் கையில் எடுக்காமல் விட்டால் அதை எதிராளிதான் எடுத்துக்கொள்வான்.

முதலாவது, 2019-ஆம் வருச நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. டீலர் கடை எங்கே இருந்தாலும், கம்பெனித் தலைமையகம் எந்த மாநிலத்தில் இருந்தாலும், நாம் குடியிருக்கிற மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். வக்கீல் கட்டாயமில்லை. பொருளின் விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே இல்லை. 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 200 ரூபாய். இரண்டு வருசத்துக்குள் போட வேண்டும். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது.

அங்கே எதிர்த்தரப்பு முதலில் எடுக்கிற ஆயுதம், “வாடகைக்கு ஓட்டுறான், இது வியாபாரம், இவன் நுகர்வோரே இல்லை” என்பது. அதற்கு உச்ச நீதிமன்றம் 1995-லேயே பதில் சொல்லிவிட்டது. லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில், சுயதொழில் செய்து பிழைக்க ஒரு வண்டியோ மிஷினோ வாங்கித் தானே ஓட்டுகிறவன் நுகர்வோர்தான், உதவிக்கு ஒன்றிரண்டு ஆள் வைத்திருந்தாலும் நுகர்வோர்தான் என்று விளக்கியது. முழுக்க முழுக்க அடுத்தவனை வைத்து ஓட்டினால்தான் சிக்கல். ஆகவே புகாரின் முதல் பத்தியிலேயே “என் பிழைப்புக்காக, நானே ஓட்டுகிறேன்” என்று எழுதுங்கள்.

இரண்டாவது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 2016 ஜனவரி 26-இல் அமலுக்கு வந்த திருத்தம் பொருளாதாரப் புறக்கணிப்பு என்றால் என்ன என்று வரையறுக்கிறது. வியாபாரம் செய்ய மறுப்பதும், சேவை கிடைக்கவிடாமல் செய்வதும், வழக்கமாக எல்லாருக்கும் எந்த முறையில் செய்வார்களோ அந்த முறையில் செய்ய மறுப்பதும் அதற்குள் வரும். வெறும் தாமதத்தைக் கொண்டுபோய் அந்தச் சட்டத்தில் மாட்ட முடியாது, மாட்டவும் கூடாது. சாதி பார்த்துத்தான் மறுத்தார்கள் என்பதற்குச் சாட்சியும் காகிதமும் வேண்டும். ஆனால் அப்படி ஒரு வரி சட்டத்தில் இருக்கிறது என்பது கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும்.

இன்னொன்று, நம்ம ஜில்லாவைத் தாண்டிய விஷயம். முன்னே வந்த டிராக்டரை ரோட்டோர மெக்கானிக் கழற்றி மாட்டிவிடுவான். 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குப் புதிய புகை விதி 2023 ஜனவரியில் வந்த பிறகு, இன்ஜினுக்குள் எலக்ட்ரானிக்ஸ் ஏறிவிட்டது. கோளாறு என்ன என்று பார்க்கவே கம்பெனி லேப்டாப் வேண்டும், அது டீலரிடம் இருக்கிறது. அமெரிக்காவில் பெரிய பெரிய பண்ணைக்காரர்களே இதற்காகச் சண்டை போட்டார்கள். கொலராடோ மாநிலத்தில் விவசாயக் கருவிகளைச் சொந்தக்காரனே பழுதுபார்க்கும் உரிமைக்கான சட்டம் 2023-இல் நிறைவேறி 2024 தொடக்கத்தில் அமலானது. ரிப்பேரைத் தன் டீலர்களுக்குள்ளேயே பூட்டி வைக்கிறது என்று ஜான் டீர் கம்பெனி மேல் 2025 ஜனவரியில் அந்நாட்டு வர்த்தக ஆணையமே வழக்குப் போட்டது. இங்கேயும் 2014-இல், ஸ்பேர் பார்ட்ஸை வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்த 14 கார் கம்பெனிகளுக்குப் போட்டி ஆணையம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தபோது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் ஒன்று விவசாயக் கருவிகள். அந்த வேலை குழுவோடும் இணையதளத்தோடும் நின்றுவிடக் கூடாது என்று கேட்க வேண்டியவர்களில் நாமும் உண்டு. பூட்டிய மிஷினால் அதிகம் சாகப்போகிறவன் ஒற்றை வண்டிக்காரன்தான்.

கடைசியில் சித்தப்பா வண்டி எப்படி வெளியே வந்தது? பதினாறாவது நாள், கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு ரிஜிஸ்தர் தபால் போட்டோம். வண்டியை விட்ட தேதி, மீட்டர் எண், இலவச சர்வீஸ் நான்கு தவறாமல் செய்த தேதிகள், யார் என்ன சொன்னார்கள் என்று ஒன்றுவிடாமல் எழுதினோம். நகல் டீலருக்கும் எங்கள் வங்கிக்கும். எந்த ஊரு என்று கேட்காத ஒரே ஆள் தபால்காரர்தான். மூன்றாம் நாள் ஸ்பேர் வந்துவிட்டது! அத்தனை நாள் இல்லாத ஸ்பேர். பதினாலாயிரம் பில் போட்டார்கள். வண்டி வேண்டுமே, கட்டினார். ஆனால் பில்லின் மேலேயே “ஆட்சேபணையுடன் கட்டுகிறேன்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். 200 ரூபாய் கட்டி மாவட்ட ஆணையத்தில் புகார் போட்டாயிற்று. நடந்துகொண்டிருக்கிறது. வெற்றிக்கதை சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. போன பிசானம் போனதுதான்.

ஆனால் கற்றுக்கொண்டதை மாணவத் தோழர்கள் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்கிறேன். ஜாப் கார்டு வாங்காமல் வண்டியை விடாதே. ஓடிய மணிக்கணக்கை நோட்டில் எழுது. ஒரு இலவச சர்வீஸைத் தவறவிட்டால்கூட அதைச் சாக்காக வைத்து வாரண்டியை மறுப்பான். டயர், பேட்டரிக்கு அந்தந்தக் கம்பெனி வாரண்டி தனி, அந்த அட்டையையும் பத்திரப்படுத்து. வாய்ப்பேச்சை நம்பாதே, அவன் சொன்னதை நீ எழுதி அவனுக்கே அனுப்பு. எழுதத் தெரியாத டிராக்டர்காரருக்கு எழுதிக்கொடுப்பது நம் வேலை. கவிதை எழுதுகிற கை ஒரு புகார் மனு எழுதினால் தேய்ந்துபோகாது. நான் எழுதியதிலேயே ஒரு சீலையும் ஒரு பம்ப்பையும் நகர்த்திய வரிகள் அந்த ரிஜிஸ்தர் தபாலில் இருந்தவைதான்.

இயக்கம் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகளும் இருக்கின்றன. கருவிகளுக்கு அரசு மானியம் தருகிறது. மத்தியத் திட்டத்தில் பட்டியல் சாதி விவசாயிக்குப் பாதி வரைக்கும் உண்டு. அந்த மானியத்தில் பலன் அடைகிற டீலருக்கு, பருவ காலத்தில் இத்தனை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும், முடியாவிட்டால் மாற்று வண்டி தர வேண்டும் என்று நிபந்தனை போடு. வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர்களை வாடகைக்கு விடுகிறது. அதன் பட்டறைகளைச் சிறு டிராக்டர்காரர்களுக்கும் திறந்துவிடு. வங்கி, கடன் கோப்பில் சர்வீஸ் உத்தரவாதத்துக்கு ஒரு பக்கம் சேர்க்கட்டும். வண்டி டீலர் ஷெட்டில் நின்ற நாட்களுக்குத் தவணையைத் தள்ளிவைக்கட்டும். தாட்கோவிடம் வண்டி வாங்கக் கடன் கேட்பதோடு நிற்காமல், நம் மெக்கானிக் பையன்கள் சொந்தப் பட்டறை போடவும் கடன் கேட்போம். ஐ.டி.ஐ.யில் டிராக்டர் மெக்கானிக் படிப்பு இருக்கிறது. வண்டிக்கு அடியில் படுத்திருக்கிற பையன் எழுந்து வந்து சொந்தக் கவுண்டர் போடாதவரை இந்தக் கேள்வி நம்மைத் துரத்திக்கொண்டே இருக்கும்.

போன மாதம் அடுத்த சர்வீஸுக்கு வண்டியைக் கொண்டுபோனார் சித்தப்பா. கவுண்டரில் வேறொரு பையன். அதே கேள்வி.

“ஊர்ல எந்தப் பக்கம்?”

சித்தப்பா ஜாப் கார்டை அவன் பக்கம் திருப்பி வைத்தாராம். “தம்பி, அந்தக் கட்டம் இதுல எங்க இருக்கு, காட்டுங்க. எழுதுறேன்.”

பையன் தேடினானாம். இல்லை. வண்டி நம்பரை எழுதிக்கொண்டான்.

ஆசிரியர் குழுவுக்காக.